ஜாயிண்டுக்கு வைத்த முடக்கத்தான் ரசம்

ஜாயிண்டு என்றால் எனக்குத் தெரிந்தது முழங்கால்தான்.

காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டு, தலைச்சுமையாகத் தெருத்தெருவாய் விற்றவள் நான். சுமந்தது தலை, தேய்ந்தது மூட்டு. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தக் கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஜாயிண்ட் ரெண்டும் தேஞ்சு போச்சும்மா. ரொம்ப முத்திடுச்சுன்னா அறுத்து எடுத்துட்டுப் புதுசு வெச்சிடலாம்" என்றாள், ஏதோ வளையல் மாற்றுகிற மாதிரி. அறுப்பதா? படத்தை உறையோடு வாங்கிவந்து பீரோவுக்குப் பின்னால் செருகியவள்தான், அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முடக்கத்தான் கீரை, பூண்டு, தைலம். அதுதான் என் வைத்தியம். மூட்டில் வாயு சேரக் கூடாது, அவ்வளவுதான். வாயுவை டாக்டரம்மா கேஸ் என்பாள். ஜாயிண்டு, எக்ஸ்ரே, கேஸ் எல்லாம் நான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் படித்த படிப்பு.

மற்றபடி எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மூத்த மகளின் பெண் எழுதுகிறாள். நான் "கீது" என்றால் அவள் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். புஸ்தகத்தில் அப்படித்தான் வரவேண்டுமாம். எழுதிக்கொள்ளட்டும். மனுஷர்கள் பேசினதை மட்டும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது என் சின்ன மாப்பிள்ளையைப் பற்றி. சின்ன மகளின் புருஷன். வெல்டர். வியாசர்பாடியில் எம்.கே.பி. நகர் பக்கம் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளை. அவர்கள் வீட்டில் புத்தர் படம், எங்கள் வீட்டில் அம்மன் படம். இப்போது இரண்டுக்கும் ஒரே விளக்குத்தான் எரிகிறது. வேலை எல்லாம் எண்ணூர் ரோட்டுப் பக்கமே என்பதால், கல்யாணம் முடிந்த கையோடு திருவொற்றியூரில் எங்கள் குப்பத்து வீட்டுக்கே வந்துவிட்டான். எதிர்வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னாக்கா, வூட்டோட மாப்ளையா?" என்றாள்.

"மாப்ள வூட்டோட இல்லடி. வூடுதான் மாப்ளையோட கீது. உள்ள வந்து கண்ணத் தொறந்து பாரு" என்றேன்.

உண்மைதானே. கட்டில் அவன் பத்தவைத்தது. துணி காயப்போடுகிற கம்பி, தண்ணீர்க் குடம் வைக்கிற மேடை, நான் சாயங்காலம் வாசலில் மீன் வறுத்து விற்கிறேனே, அந்த வாணலி உட்காருகிற ஸ்டாண்டு, எல்லாம் அவன் கை. எனக்குக் குனிய முடியாது என்று ஸ்டாண்டின் காலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்தான். எண்ணெய் தெறிக்கிற பக்கம் ஒரு சின்னத் தடுப்பு. கரண்டி மாட்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கியின் நுனியை மீன் தூண்டில் மாதிரி வளைத்திருந்தான். கொக்கி கொக்கியாக இருந்தால் போதாதா? அவனுக்குப் போதாது.

வாசல் கேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், செத்தாலும் என் வாய் வேகாது. ஊரில் எல்லா வீட்டு கேட்டிலும் பூ, கொடி, இல்லாவிட்டால் மயில். கடையில் அச்சில் வார்த்த பூவாக வாங்கிவந்து ஒட்டிவிடுவார்கள். இவன் மிச்சம் மீதிக் கம்பியை எல்லாம் சேர்த்துவைத்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தட்டி வளைத்து, கேட்டு முழுக்க நெத்திலிக் கூட்டம் விட்டான். அத்தனையும் கடலைப் பார்த்துப் போகிறது. சாயங்கால வெயில் விழுந்தால் நிழல் தரையில் நீந்தும். அதில் ஒரே ஒரு நெத்திலி மட்டும் திரும்பி வீட்டைப் பார்க்கும்.

"இன்னாபா, இது மட்டும் ராங்கா போவுது?" என்று கேட்டேன்.

"அது நீதான் அத்தே. ஊரே ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம் போவ" என்றான்.

எங்கள் பக்கம் வெல்டிங்கைப் பத்தவைக்கிறது என்போம். அடுப்பையும் பத்தவைக்கிறோம், பீடியையும் பத்தவைக்கிறோம். இவள் சொன்னதை அவளிடம் போய்ச் சொன்னால் அதற்கும் பத்தவைக்கிறது என்றுதான் பேர். ஒட்டவைப்பதற்கும் வெட்டிவிடுவதற்கும் ஒரே வார்த்தையை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். "உங்கம்மா வாயால பத்த வெக்குது, நான் கையால பத்த வெக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்" என்று மகளிடம் சொல்வான். வேறு யாராவது சொல்லியிருந்தால் குடுமியைப் பிடித்திருப்பேன். இவன் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அப்போது மகள் மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்து வளையல் குலுங்க வளைய வந்துகொண்டிருந்தாள். அதுவரை மாப்பிள்ளைக்கு வாசல் கேட்டு, ஜன்னல் கிரில், துறைமுகத்தில் படகு ரிப்பேர் என்று கிடைத்த வேலை. இருந்தால் ராப்பகலாக இருக்கும், இல்லாவிட்டால் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். எண்ணூர்ப் பக்கம் ஒரு பெரிய யார்டில் பைப் வேலைக்கு வெல்டர் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப் போட்டிருந்தான். எடுத்துக்கொண்டால் இங்கேயே நிலையாக வேலை. எடுக்காவிட்டால் துபாய். ஏஜென்டு ஏற்கெனவே பாஸ்போர்ட்டை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்திருந்தான். போனால் இரண்டு வருஷம். பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, "யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்கிற வயசில்தான் அப்பன் முகத்தைப் பார்க்கும்.

என் மகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் இல்லை. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் வாணாம். வலி எடுக்கிற அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டால நீ குந்திகினு இருந்தா போதும்" என்றாள். அவன் கையிலிருந்த தீக்காயத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம். நான் வாசலில் வஞ்சிரத் துண்டுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து தோஸ்துடன் போனில் பேசிக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் பேசினான். என் காது மெதுவாகக் கேட்காதே.

"எக்ஸ்ரேல பெயிலுடா மாமு... ஆமா, ஜாயிண்ட்டுதான்... கேஸ் பூந்துகீதாம். உள்ள புள்ளி புள்ளியா கீது... மேல பாத்தா சோக்காதான் கீது, உள்ளதான் கோளாறு... அத்த அறுத்துப் போட்டுட்டு புதுசா வெக்க சொல்ட்டாங்க. இன்னொரு சான்ஸ்தான். அதுவும் புட்டுகிச்சுன்னா துபாய்தான்... அவகிட்ட மட்டும் சொல்லிடாத. மாசமா கீறா, பேஜாராயிடும்."

என் கையிலிருந்த துண்டு நழுவிவிட்டது. பூனைக்கு அன்று வஞ்சிரம்.

நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன நினைப்பேன்? வேலைக்கு எடுக்கும்முன் கம்பெனியில் உடம்பைச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஜாயிண்டில் வாயு புகுந்து, எக்ஸ்ரேயில் தோற்று, மூட்டை அறுத்துப் புதுசு வைக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த வயசில்! நாள் முழுக்கக் குந்தியபடி பத்தவைக்கிற பிள்ளை. பந்து உதைத்த கால் வேறு. மூட்டு போனவனை யார்டுக்காரன் எடுப்பானா, துபாய்க்காரன்தான் எடுப்பானா?

அவனிடமே கேட்டிருக்கலாம். மாமியார்க்காரி மருமகனுடைய முட்டியைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கம் முறையில்லை. மகளிடம் சொல்லலாம் என்றால், அவன்தான் சொல்லாதே என்றானே. சரி, நமக்குத் தெரிந்த வைத்தியம் இருக்கிறது என்று மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

காலையில் முடக்கத்தான் தோசை, மத்தியானம் பூண்டுக் குழம்பு, மறுநாளும் முடக்கத்தான் தோசை. துவரம்பருப்பு கிடையாது, வாழைக்காய் கிடையாது, உருளைக்கிழங்கு வாசற்படி ஏறக் கூடாது. எல்லாம் வாயு. கேட்டால் விலை ஏறிவிட்டது என்பேன். மகளுக்கோ அந்த நேரம் பார்த்து உருளைக்கிழங்கு மேல் ஆசை. அவள் என் பெண் அல்லவா? கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்தால் உருளைக்கிழங்கை நறுக்கி இமைமேல் வைத்துக்கொள்வார்கள் வெல்டர்கள். "அவருக்குக் கண்ணு எரியுதாம்மா" என்று வாங்கிவரச் சொல்லி, புருஷன் கண்ணுக்கு இரண்டு வில்லை, தன் வாய்க்கு மிச்சம் எல்லாம் என்று வறுத்துத் தின்றாள்.

மாப்பிள்ளை தட்டைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.

"இன்னா அத்தே, தெனிக்கும் தோசை பச்சையாவே கீது?"

"ஒடம்புக்கு நல்லதுபா. சாப்புடு."

"யார் ஒடம்புக்கு?"

"அல்லார் ஒடம்புக்குந்தான்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் அவன் அவசரமாகக் கிளம்பியதில் முடக்கத்தான் ரசத்தைக் குடிக்காமல் போய்விட்டான். வைத்தியத்தை நடுவில் விட்டால் வாயு இரண்டு பங்காகத் திரும்பி வரும். தூக்குச்சட்டியில் ரசத்தை ஊற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். அவன் வேலை பழகுகிற ஷெட்டு, எண்ணூர் ரோட்டில் கடலைப் பார்த்த மாதிரி இருந்தது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், கடல் பக்கம் திறப்பு. யார்டுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டருடைய ஷெட்டு அது. உள்ளே நீல வெளிச்சமாகப் பளிச் பளிச் என்றது.

வாசலிலேயே மேஸ்திரி நிறுத்திவிட்டார். வயசானவர், காதோரம் நரை, கையில் டீ.

"யாரும்மா நீ? உள்ளாற பாக்காத, கண்ணு பூடும்."

"எம் மாப்ளைக்கு ரசம் எத்தாந்தேன்."

"இன்னா ரசம்?"

"முடக்கத்தான். ஜாயிண்ட்டுக்கு."

"எந்த ஜாயிண்ட்டுக்கு?"

"அதான் நைனா, கேஸ் பூந்து எக்ஸ்ரேல பெயிலாச்சே, அந்த ஜாயிண்ட்டுக்கு. நீங்க அறுத்துப் போட சொன்னீங்களாமே. அறுக்காதீங்க. சின்ன வயசு. ஒரு மண்டலம் இந்த ரசத்தக் குடிச்சா கேஸ் அத்தினியும் தன்னால எறங்கிடும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தூக்குச்சட்டியைப் பார்த்தார். அப்புறம் வாயிலிருந்த டீ முழுக்க மூக்கு வழியாக வந்துவிட்டது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவன் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அத்தே, ரசத்த பைப்பு உள்ள ஊத்தணுமா, மேல தடவணுமா?"

"வெறும் வயித்துலயா, துன்னப்புறமா?"

"பைப்புக்கு ஏதுடா வயிறு, சோமாரி!"

என் மாப்பிள்ளை கடைசியாக வந்தான். முகமெல்லாம் கரி, அதற்கு மேல் வெட்கம். "அத்தே... ஜாயிண்டு என்து இல்ல. பைப்புது" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். கீழே கிடந்த ஒரு காலி டப்பாவை விட்டான் பாருங்கள் ஒரு உதை. அது ஷெட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கருங்கல் மேல் போய் விழுந்தது. மூட்டு போனவன் உதைக்கிற உதையா அது? அப்பாடா என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன். அவன் மூட்டு நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் பெயில் பெயில்தானே? துபாய் துபாய்தானே?

மேஸ்திரிக்கு மனசு இளகிவிட்டது. ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். ரசத்தை எல்லாரும் டீ டம்ளரில் ஊற்றிக் குடித்தார்கள். அப்புறம் அந்தத் தோற்றுப்போன ஜாயிண்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். இரண்டு குழாய்த் துண்டை வாயோடு வாய் சேர்த்து, சுற்றிலும் பத்தவைத்திருந்தான்.

ஆயுசுக்கும் மீன் அறுத்தவள் நான். செதிலைப் பார்த்தாலே மீனின் வயசைச் சொல்வேன். அந்தக் குழாயைச் சுற்றி ஓடின தழும்பு கொடுவா மீன் செதில் மாதிரியே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றுகூடப் பெரிசில்லை, ஒன்றுகூடச் சிறிசில்லை. விரலை வைத்துத் தடவினால் எங்கே ஆரம்பித்தான், எங்கே முடித்தான் என்று பிடிபடவில்லை. "இதுக்கா பெயில் போட்டீங்க? கண்ணு இன்னா அவுட்டா?" என்று மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். என் முட்டிப் படம் மாதிரியே கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை, அதில் எள்ளைத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

மாப்பிள்ளைதான் விளக்கினான். யார்டில் ஆள் எடுக்கும்முன் இப்படி ஒரு ஜாயிண்டைப் பத்தவைக்கச் சொல்லி, அதைத்தான் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்களாம். இது ஆர்கன் வேலையாம். இரும்பு உருகிக் கூழாக நிற்கிற நேரம் வெறுங்காற்று அதைத் தொடக் கூடாது. அதற்காக ஆர்கன் என்று ஒரு கேஸ் குடை பிடித்த மாதிரி மூடிக்கொண்டே வரும். கடல்காற்று அந்தக் குடையைத் தள்ளிவிட்டால், வெறுங்காற்று உள்ளே புகுந்து, இரும்பு இறுகும்போது அங்கங்கே குமிழாக நின்றுவிடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆப்பம். ஆப்பத்துக்கு ஓட்டை அழகு. கொதிக்கிற எண்ணெயும் ஆவியும் போகிற குழாய்க்கு ஓட்டை ஆகுமா?

"ராடுல பத்த வெக்கும்போது காத்த நான் மதிச்சதே இல்ல அத்தே. படகு மேல குந்திகினு எம்மாம் காத்துலயும் வெச்சிருக்கேன். இந்த ஆர்கன் பூன மாரி. லேசா ஊதினாலே ஓடிப்பூடுது" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லாத" என்றான்.

பத்தவைக்கிறதில் பேர்போன என் வாயை மூடச் சொல்கிறான்! மூடினேன். எதிர்வீட்டுக்காரிக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா, பேச்சையே காணோம்?" என்று வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஷெட்டுக்குப் போகிறது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பையன்கள் வறுத்த மீன் கேட்டார்கள். காரப்பொடி மீன், சங்கரா மீன், என்ன கிடைத்ததோ வறுத்து எடுத்துப் போவேன். போனால் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பேன். ஒருநாள் மாப்பிள்ளை எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடித் தடுப்பைக் கையில் கொடுத்து, "அத்தே, இது வழியாப் பாரு. எடுக்காத, நான் சொன்னப்புறம்தான் எடுக்கணும்" என்றான்.

முதலில் ஒரே இருட்டு. எதிரே கையை நீட்டினால் தெரியாது. அப்புறம் அந்த இருட்டுக்குள் பச்சையாக ஒரு குட்டிச் சூரியன். அதற்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு குளம். இரும்புத் தண்ணீர். அது பளபளவென்று ஆடிக்கொண்டு நகர்கிறது. குளத்தின் முன்னால் ஒரு துளி ஓட்டை, மீன் குஞ்சு வாய் மாதிரி திறக்கிறது, கம்பி நுனி பட்டதும் மூடிக்கொள்கிறது, மறுபடி திறக்கிறது. அவன் கை மணிக்கட்டில் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று நண்டு நடை நடக்கிறது. மற்றபடி உடம்பு சிலை. மூச்சுகூட வாயை விட்டு வெளியே வராமல் வைத்திருக்கிறான். பின்னால் பார்த்தால் குளம் போன வழியெல்லாம் செதில் செதிலாக இறுகிக்கொண்டே வருகிறது. நான் எத்தனை மீன் அறுத்திருப்பேன்! செதில் முளைக்கிறதைப் பார்த்தது அன்றுதான்.

அவன் நிறுத்தினான். நான் கண்ணாடியை எடுக்கவே இல்லை.

"அத்தே, முடிஞ்சுது. எடுத்துடு."

"இன்னொரு வாட்டி வைபா" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என்ன அழகு! கேட்டு நெத்திலியை ஊரே பார்க்கிறது. இந்த அழகைப் பத்தவைக்கிறவனைத் தவிர யாரும் பார்க்கிறதில்லை. அப்புறம் அது குழாய்க்குள் போய்விடுகிறது, மேலே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள்.

மறு டெஸ்ட் அன்று சோதிக்கிற ஆபீசர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான மனுஷர். காற்று மறைப்புக் கட்டிக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை கேட்டதும், "தாராளமா கட்டிக்கோப்பா, கட்டித்தான் செய்யணும்" என்றார். ஷெட்டின் திறந்த பக்கம் முழுக்கத் தார்ப்பாயைக் கட்டினார்கள். வேலை ஆரம்பித்தது. குழாயைச் சாய்வாக நிறுத்திவிடுவார்கள். அவன் குனிந்து, படுத்து, ஒருக்களித்துச் சுற்றி வரவேண்டும்.

அன்று பார்த்துக் கடல்காற்று முன்கூட்டியே எழுந்துவிட்டது. குப்பத்தில் பிறந்தவளுக்கு அது தோலிலேயே தெரியும். தார்ப்பாய் புடைத்தது. பாய்மரம் மாதிரி உள்ளே புடைத்து வந்து, டப் என்று ஒரு மூலைக் கயிறு அறுந்துவிட்டது.

"நிறுத்தாதடா!" என்று கத்தினார் மேஸ்திரி. நடுவில் நிறுத்தித் தொடங்குகிற இடத்தில்தான் கோளாறு வருமாம். பையன்கள் ஓடிப்போய்த் தார்ப்பாயில் முதுகைக் கொடுத்து நின்றார்கள். அவர்களோடு டெஸ்ட்டுக்கு வந்த மற்ற வெல்டர்களும் நின்றார்கள். அவனுக்குப் போட்டிக்கு வந்தவர்கள்தான். ஆனாலும் நின்றார்கள். அப்படியும் அறுந்த மூலையில் ஒரு சந்து. நான் போய் அங்கே நின்றேன்.

"அத்தே, நீ ஒரு ஆளு நின்னா போதும், தார்ப்பாயே வாணாம்" என்றான் ஒருவன்.

"துன்ன மீனுக்கு நன்றி வெச்சுகினு வாய மூடிகினு நில்லுடா" என்றேன்.

இதில் பாருங்கள், அவ்வளவு ஆசையாகப் பார்க்கவேண்டும் என்று வந்தவள், கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டியதாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அலை, கருங்கல், எதிரே காக்காய். பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்று என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. மூட்டு இரண்டும் சுள்ளென்று குத்துகிறது. உட்கார்ந்தால் சந்து விழும். சந்து விழுந்தால் எள்ளு விழும். எள்ளு விழுந்தால் மகள் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருப்பாள். அம்மா தாயே, இந்த ஜாயிண்டு போனாலும் பரவாயில்லை, அந்த ஜாயிண்டைக் காப்பாற்று என்று கடலைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். அவன் கொஞ்சமும் அவசரப்படவில்லை. ஒரு சுற்று, அதன் மேல் இன்னொரு சுற்று என்று போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் "முடிஞ்சுது" என்றான். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பையன்கள் வேண்டியிருந்தது.

எக்ஸ்ரே எடுத்துச் சொல்ல மறுநாளாகும் என்றார்கள். மறுநாள் என் முட்டி இரண்டும் பலாக்காய் மாதிரி வீங்கிக் கட்டிலோடு கிடந்தேன். மகள், "அப்டி எங்கதான் போய் நின்ன?" என்று திட்டிக்கொண்டே தைலம் தேய்த்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் அடுப்படியில் நின்று எனக்கு முடக்கத்தான் ரசம் வைத்துக்கொண்டிருந்தான். இரும்பைக் கூழாக்குகிற பிள்ளைக்குப் புளியைக் கரைக்கத் தெரியவில்லை.

போன் அடித்தது. கையெல்லாம் புளி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். மேஸ்திரி குரல்.

"டேய், ஜாயிண்டு எப்டி கீது?"

"எந்த ஜாயிண்டுண்ணே?"

"அத்தே ஜாயிண்டுதாண்டா."

"வீங்கிகீதுண்ணே. படுத்துகினு கீது."

"நல்லா தைலம் போடு. பைப்பு ஜாயிண்டு க்ளீனு. ஒரு புள்ளி இல்ல. ஒண்ணாந்தேதிலேர்ந்து வேலைக்கு வந்துடு."

மகள் தைலக் கையோடு அப்படியே நின்றாள். "எந்தப் பைப்பு? எப்போ பெயிலு? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒரு மூச்சுக் கத்தினாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் புளிக்கையோடு அவள் பக்கத்தில் போய் நின்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ரசத்தை அப்புறம் குடித்தேன். கலீஜாக இருந்தது. ஒரு கை உப்பு. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஏஜென்டிடமிருந்து பாஸ்போர்ட் திரும்பி வந்து அரிசி டின்னுக்குள் போயிற்று. வலி எடுத்த அன்று மாப்பிள்ளை யார்டிலிருந்து அப்படியே ஓடி வந்து, பொறி விழுந்து ஓட்டை ஓட்டையான சட்டையோடு வராண்டாவில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வலியில் இருந்தவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "குந்திகினு கீறாரா?" குந்திகினு கீறார்டி என்றேன். பெண் குழந்தை.

அந்தத் தோற்றுப்போன முதல் ஜாயிண்டை மேஸ்திரி எனக்கே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை இரண்டு பக்கமும் அறுத்து, விளிம்பை வழவழவென்று தேய்த்து, நடுவில் அந்தத் தழும்பு மட்டும் நிற்கிற மாதிரி ஒரு வளையமாக ஆக்கிக் கொடுத்தான். அதுதான் இப்போது என் ரசச் சட்டிக்குப் பிரிமணை. வருகிறவர்கள் எல்லாம், "இன்னா இது, இம்மாம் கனமா கீது" என்று தூக்கிப் பார்ப்பார்கள். செதிலைத் தடவிப் பாருங்கள் என்று சொல்வேன்.

சட்டி அதன் மேல் அசையாமல் நிற்கிறது. தோற்ற ஜாயிண்டே இப்படி நிற்கிறது. ஜெயித்தது எப்படி நிற்கும்!